பார்வதம்மா வீட்டுக் காற்று

நனைத்துப் பிழிந்த பழைய நூல் புடவையை இரண்டாக மடித்து மேற்குப் பக்க ஜன்னலில் நாலு ஆணிகளில் மாட்டிவிட்டு, பார்வதம்மா வாசலுக்கு வந்து சைனைடு மேட்டைப் பார்க்கிறார். மணி பத்து. மேட்டின் உச்சி அசையாமல் நிற்கிறது. அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போலக் கொஞ்ச நேரம் கண்ணை எடுக்காமல் பார்க்கிறார். உச்சியிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு கிளம்பினால் போதும், "மேடு எழுந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே ஓடுவார். அறுபத்து மூன்று வயதுக்கு அந்த ஓட்டம் கொஞ்சம் அதிகம்தான்.

பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டிய இடம் அது. தங்கவயல் சுரங்கத்தை மூடி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது; கொட்டியதை எடுத்துப்போக யாரும் வரவில்லை. மார்ச் மாதத்திலிருந்து முதல் மழை வரைக்கும் காற்றடிக்கும் மத்தியானங்களில் அந்த மாவு, சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளுக்குள் சொல்லாமல் கொள்ளாமல் வரும். சோற்றுத் தட்டை மூடிவைத்து, வாய்க்கு வாய் திறந்து சாப்பிடுகிறவர்கள் இந்த லைனில் உண்டு. பார்வதம்மாவுக்குச் சோறு பெரிய விஷயமில்லை. உள்ளே கட்டிலில் அவருடைய கணவர் இருக்கிறார்.

கோவிந்தனுக்கு எழுபத்தொன்று. இருபத்தெட்டு வருடம் பூமிக்கு அடியில் பாறையைத் துளைக்கும் மெஷினை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தவர். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து டாக்டர் சிலிகோசிஸ் என்று சொன்னது ஒன்பது வருடத்துக்கு முன்னால். பார்வதம்மா அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "அவரு நெஞ்சுல பாதி மைன்ஸு கீது" என்பார். அதற்கு மருந்து கிடையாது, இருக்கிற மூச்சைக் காப்பாற்றிக்கொள்வதுதான் வைத்தியம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப்பின் வந்த எட்டுக் கோடையிலும் கோவிந்தன் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்துத்தான் திரும்பினார். இந்த ஒரு கோடையையாவது வீட்டிலேயே கடத்தி, அவரை மழைக்காலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். பார்வதம்மாவுக்கு இப்போது சாமியிடம் கேட்க வேறு வேண்டுதல் இல்லை.

அவர் வீட்டுச் சட்டதிட்டங்கள் லைன் முழுக்கப் பிரசித்தம். உள்ளே துடைப்பம் எடுக்கக் கூடாது, ஈரத் துணிதான். கொசுவத்திச் சுருள் கூடாது, வலைதான். முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வந்த சொந்தத் தங்கையையே வாசல் குழாயில் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னவர் அவர். போர்வையை உதறுவதென்றால் தெருமுனை வரை போய்த்தான் உதறுவார். அதைத் தூக்கிக்கொண்டு அவர் போகும்போது பிள்ளைகள் பின்னாலேயே போய் வேடிக்கை பார்க்கும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாத வீடு அந்த லைனில் இது ஒன்றுதான். புகை ஆகாது என்று டாக்டர் சொன்ன மறுநாளே சாமி படங்களை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முருங்கை மரத்தடியில் குடியேற்றிவிட்டார். ஊதுவத்தி, கற்பூரம் எல்லாம் அங்கேதான். சாமியையே வீட்டை விட்டுத் தள்ளிவிட்டாள் என்று பேச்சு எழுந்தது. பார்வதம்மா குழாயடியில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொன்னார்: "சாமிக்கு மூச்சு வாங்காது. இவருக்கு வாங்கும்." பேசினவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். முருகன் வெயிலில் கொஞ்சம் வெளுத்துப்போனார், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக் கிளமெண்ட் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜுக்கு மணி அடித்த ஆள். கோவிந்தனைவிடப் பத்து வயது சின்னவர். பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்தாலும் பார்வதம்மாவின் மூக்கு விடாது.

"கிளமெண்ட்டு, அங்கியே நில்லுங்க. சட்டய ஒதறிட்டு ரெண்டு நிமிசம் காத்து வாங்கினு அப்புறம் வாங்க."

"ஷிப்ட்டு முடிஞ்சி மேல வந்தா தங்கம் கீதான்னு வாட்ச்மேன் தடவிப் பாப்பான் அக்கா. உங்க வூட்டு செக்கிங் அத்தவிட ஜாஸ்தி."

"அவன் தங்கத்தத் தேடினான். நான் பொகயத் தேடறேன். நில்லுங்க."

இப்படி ஈ நுழையாமல் காவல் காத்த மனுஷிதான் சமையலறையில் நடந்ததை மட்டும் பார்க்காமல் விட்டார்.

விடியற்காலை ரயிலுக்குப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் சாம்பியன் ஸ்டேஷனுக்கு இந்த லைன் வழியாகத்தான் நடப்பார்கள். பார்வதம்மாவின் மசால் வடை பாதி ரயிலுக்குத் தெரியும். நாலு மணிக்கு விறகடுப்பை மூட்டி, நீலகிரிக் கட்டையைச் செருகி, பெரிய இரும்புச் சட்டியில் எண்ணெய் காயவைத்தால் எட்டு மணி ரயில் வரைக்கும் அடுப்பு அணையாது. கோவிந்தனின் மாத்திரை, உறிஞ்சுகிற மருந்து, ஆஸ்பத்திரிக்குப் போகவர ஆட்டோ எல்லாம் அந்தச் சட்டியிலிருந்துதான் வந்தன. சமையலறைக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்தது ஒரு துணித் திரை.

லைன் வீடுகளின் கூரை உச்சியில் ஒரு முழ அகலத்துக்குத் திறப்பு விட்டிருப்பார்கள். வென்ட்டு என்று பெயர். அடுப்புப் புகையும் கோடை வெக்கையும் அதன் வழியாகத்தான் மேலே போக வேண்டும். எக்ஸ்ரே எடுத்த அந்த முதல் கோடையில் மேடு எழுந்த ஒரு மத்தியானம், கோவிந்தன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டில் வென்ட்டு வழியாக வெள்ளைத் தூள் மெல்ல இறங்கியது. ரசம் சாதத்தின் மேல் அது படிந்ததைப் பார்த்த பார்வதம்மாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அன்று சாயங்காலமே ஏணி வைத்து ஏறி, நாலு சிமெண்ட் சாக்கைச் சுருட்டி அதற்குள் திணித்து, உள்பக்கம் கம்பி குறுக்கே கட்டிவிட்டு இறங்கினார். தங்கவயலில் பிறந்தவர்களுக்குத் தூசி என்றால் மேடு. வேறு தூசி அவர்கள் கணக்கிலேயே கிடையாது.

இந்த வருடம் பிப்ரவரி கடைசியில் அக்ஷயா வந்தாள். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு சின்னக் கிளினிக்கில் வேலை பார்க்கிற பெண். பழைய சுரங்கத் தொழிலாளர் வீடுகளுக்குப் போய் மூச்சைப் பரிசோதித்து எழுதிக்கொள்வது அவள் வேலை. கையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு கருவி. காற்றில் இருக்கிற தூசியை எண்ணிச் சொல்லும் என்றாள். காலை ஏழரை, வடைச் சட்டி அடுப்பில் இருந்தது. வாசலில் நின்று ஒருமுறை பார்த்தாள், உள்ளே வந்து ஒருமுறை பார்த்தாள். பிறகு கருவியைத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தாள்.

"அம்மா, வெளிய எழுபது காட்டுது. உள்ள நானூத்திப் பத்து."

"எத்தினி இருக்கணும்?"

"அறுபதுக்குள்ள இருந்தா பரவால்ல."

"மிஷினு கெட்டுப்போச்சு கண்ணு. குடு இப்டி."

பார்வதம்மா கருவியை வாங்கிக்கொண்டு தெருமுனைக்கு நடந்து, மேட்டுக்கு நேராக அதை நீட்டிப் பிடித்தார். அறுபத்தெட்டு. வீட்டுக்குள் திரும்பினார். நானூறைத் தாண்டியது. மறுபடி தெருமுனை, மறுபடி வீடு. மூன்றாவது தடவை திரும்பி வரும்போது நடை தளர்ந்துவிட்டது. குழாயடிப் பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொகன்னா சாம்பிராணி பொக, பீடி பொக. சோறாக்குறதக்கூடவா பொகன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டார்.

"லங்ஸுக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா," என்றாள் அக்ஷயா. அந்தப் பெண்ணுக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அண்ணாந்து வென்ட்டைப் பார்த்து, அது ஏன் அடைத்திருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகு கோவிந்தன் கட்டிலிலிருந்து பேசினார். நாலு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்தித்தான் அவரால் பேச முடியும்.

"மைன்ஸ்ல ஒரு ஷாஃப்ட்டுக் குழில காத்து எறங்கும். இன்னொரு ஷாஃப்ட்டுல ஏறும். ஏர்ற வழிய அடைச்சா... எறங்குற காத்தும் நின்னுடும்."

பார்வதம்மா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எட்டு வருசமாவா?"

"அடச்ச அன்னிக்கே சொன்னேன். நீ காதுல வாங்கல. அப்புறம் அந்த அடுப்பாண்ட நின்னு... எனக்கு மாத்திர வாங்கினு வந்த. எந்த வாயால சொல்றது."

சொன்னது உண்மைதான். ஏணி மேல் நின்றபோது கீழேயிருந்து, "அத்த மூடாத பார்வதி" என்று ஒரு குரல் வந்ததும், "நீங்க சும்மா இருங்க, உங்களுக்குத்தான் செய்யறேன்" என்று தான் எரிந்து விழுந்ததும் அப்போது நினைவுக்கு வந்தன. வேலியே பயிரை மேய்ந்த கதையாக, காப்பாற்ற வந்த கையே அவரை எட்டு வருடம் திணற அடித்திருக்கிறது. பார்வதம்மா அழுகிற ஜாதி இல்லை. ஆனால் அன்று அவருக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அடுப்பிலிருந்த கட்டைகளை வெளியே இழுத்துத் தண்ணீர் ஊற்றினார். மாவு பாதிக்குமேல் மீதி இருந்தது. அதை அப்படியே மூடினார்.

கிளமெண்ட் ஏணியைக் கொண்டுவந்து, "நான் ஏர்றேன் அக்கா, எறங்குங்க" என்றார்.

"அடச்சது நானு. நானே எடுக்கறேன். நீங்க ஏணியப் புடிங்க."

கம்பியை அறுத்து இழுத்ததும் சாக்குச் சுருணை ஒரே கட்டியாகக் கீழே விழுந்தது. அதை முற்றத்தில் போட்டு பார்வதம்மா குந்தி உட்கார்ந்து பார்த்தார். வானத்தைப் பார்த்திருந்த பக்கத்தில் மேட்டு மாவு ஒரு விரல்நகக் கனத்துக்குப் படிந்திருந்தது. வீட்டைப் பார்த்திருந்த பக்கம் கன்னங்கரேலென்று, எண்ணெய்ப் பிசுக்கோடு, அடைக் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. அதுவரை அந்தப் பெண்ணின் கருவியை அரைமனதாகத்தான் நம்பியிருந்தார். இந்தக் கறுப்பை விரலால் சுரண்டிப் பார்த்த பிறகு சந்தேகம் விட்டது. இவ்வளவும் போய் ஒட்டிக்கொள்ள அந்த வீட்டில் சாக்கு ஒன்று மட்டுமா இருந்தது என்று நினைத்தார்.

மறுநாளிலிருந்து வடை கிடையாது. அதுவரை அதிகம் தொடாத கேஸ் அடுப்பைக் கிழக்குப் பக்கம் வெளியே தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டார்; இட்லி மட்டும். கடுகு தாளிப்பதற்குக்கூட வெளியேதான் போகிறார். ரயில்காரர்கள் பத்து நாள் முணுமுணுத்தார்கள். இன்னா பார்வதம்மா, இட்லி யாரு வூட்டுல இல்ல, உங்க வடைக்குத்தானே வந்தோம் என்றார்கள். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டார். மழை வந்தால் கொட்டகை ஒழுகுமே என்று கிளமெண்ட் கேட்டதற்கு, "மழ வந்தா மேடு படுத்துடும். அப்ப நனஞ்சினே ஆக்கறேன், இன்னா இப்போ" என்றார்.

இப்போது வீட்டுக் காற்றுக்கு ஒரு ஷிப்ட்டுக் கணக்கு வைத்திருக்கிறார். விடிந்ததும் இரண்டு பக்கக் கதவும் ஜன்னலும் திறந்து கிடக்கும். வெயில் ஏறியதும் மேற்குப் பக்கம் ஈரப் புடவை. வென்ட்டு எப்போதும் திறந்தே இருக்கும். அதன் கீழே மெல்லிய துணியைத் தூளி மாதிரி கட்டி, தினமும் அவிழ்த்துத் துவைக்கிறார். அப்படியும் மேடு எழுந்த நாளில் கொஞ்சம் தூள் இறங்கத்தான் செய்கிறது. திறந்தால் மேடு, மூடினால் அடுப்பு என்று இரண்டுக்கும் நடுவே அவர் படுகிற பாடு கொஞ்சமில்லை. முதல் நாலு நாள் மேடு எழுந்தபோதெல்லாம் அவர் கை தானாகவே மேலே சாக்கைத் தேடியதாம். கையை இடுப்பில் செருகி அடக்கிக்கொண்டேன் என்று சொல்கிறார்.

பலன் தெரிந்தது. மார்ச் போயிற்று, ஏப்ரல் போயிற்று, ஆஸ்பத்திரி இல்லை. கோவிந்தன் நாலு வார்த்தையிலிருந்து ஏழு வார்த்தைக்கு வந்தார். ஒரு காலையில் வாசல் வரை தானே நடந்து வந்து கிளமெண்ட்டோடு, சுரங்கத்தில் தங்களை வேலை வாங்கிய பழைய கேப்டன் ஒருவரைப் பற்றிப் பேசிச் சிரித்தார். பார்வதம்மா இட்லித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றுவிட்டார். சந்தோஷமாக இருந்தது. கண் பட்டுவிடும் என்று பயமாகவும் இருந்தது.

மூச்சு ஏறுகிறதா இறங்குகிறதா என்று வீட்டிலேயே பார்க்க அக்ஷயா ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி, வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். உதட்டைக் குவிக்காமல், வாயைத் திறந்து அவர் ஊத வேண்டும். நெருப்பே நுழையாத அந்த அறைக்குள் வாரத்துக்கு ஒரு குச்சிக்கு மட்டும் பார்வதம்மா அனுமதி கொடுத்தார். மார்ச்சில் இரண்டாவது ஊதலில் அணைந்தது. ஏப்ரலில் முதல் ஊதலிலேயே அணைந்தது. "மூணு தடவ ஊதியும் அணையலேன்னா உடனே எனக்கு போன் பண்ணிடுங்கம்மா. ஆஸ்பத்திரிக்குப் போகணும், வெயிட் பண்ணக் கூடாது" என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே கோவிந்தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். "கேஜுல எறங்கறப்பகூட பயந்ததில்ல பார்வதி. அந்த லிஃப்ட்டுல ஏத்தறாங்களே... அப்பதான் பயமாக் கீது" என்று ஒருமுறை சொன்னார். பூமிக்குள் அவ்வளவு ஆழம் போய் வந்தவர் மூன்று மாடிக்குப் பயப்படுகிறார் என்று கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். பார்வதம்மாவுக்கு வரவில்லை.

மே இரண்டாவது வாரத்தில் மேடு எழுந்தது, நாலு நாள் படுக்கவேயில்லை. லைனில் எல்லா வீட்டுக் கதவுகளும் சாத்திக் கிடந்தன. பார்வதம்மா அரைமணிக்கு ஒருமுறை புடவையை நனைத்தார். தூளித் துணியை ஒரே நாளில் மூன்று முறை மாற்றினார். தரையைத் துடைத்துத் துடைத்து முட்டி வீங்கிவிட்டது. ஐந்தாம் நாள் ஞாயிறு. காற்று ஓய்ந்திருந்தது. கோவிந்தன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. கழுத்துக்குக் கீழே எலும்புக்கு மேலிருந்த குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய்ப் போய் வந்தது.

பார்வதம்மா ஒரு தம்ளரில் தண்ணீரோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தீக்குச்சியைக் கொளுத்தி, ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். கோவிந்தன் வாயைத் திறந்து ஊதினார். சுடர் கொஞ்சம் சாய்ந்து, நிமிர்ந்து நின்றது. இரண்டாவது முறை ஊதினார். நெற்றி நரம்பு புடைத்தது. சுடர் அசைந்ததோடு சரி. நெருப்பு குச்சியில் பாதியைத் தாண்டிப் பார்வதம்மாவின் விரலுக்கு வந்துகொண்டிருந்தது. அவர் விரலை எடுக்கவில்லை. கோவிந்தன் அவர் முகத்தையே பார்த்தபடி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டி மூன்றாவது முறை ஊதினார்.

சுடர் அணையாமல் அப்படியே நின்றது. அப்போது பார்வதம்மா, முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், மூக்கு வழியாகத் தன் மூச்சைக் கொஞ்சம் விட்டார். அணைந்தது.

"அணைஞ்சிடுச்சுங்க," என்றார்.

கோவிந்தன் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். குச்சியிலிருந்து கிளம்பிய நூல் புகை அவர் பக்கம் திரும்புவதற்குள் பார்வதம்மா அதைத் தண்ணீரில் அமுக்கிவிட்டார். அவருடைய இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் ஜன்னல் மேடையில் போனைத் தேடிக்கொண்டிருந்தது.